சிவாலய ஓட்டத்தில் ஓர் இரவு

இரவில் தனியே வழிச்சென்றறியாதவர் இருளை முழுதும் அறிந்தவர் ஆகார். விளக்கு மிகுந்த ஊர்களில் வாழும் நமக்கு, இருள் என்பது ஒரு விசையைத் தட்டினால் விலகிவிடும் திரையாகவே தோன்றுகிறது. விளக்கில்லாத தோட்டவழியில், துணையின்றி, ஒரு மிதிவண்டியை நம்பிப் புறப்பட்டால்தான் இருளின் பரப்பும் நம்முடைய சிறுமையும் ஒருங்கே புலப்படும். அத்தகைய ஓர் இரவு என் இளமையில் எனக்கு வாய்த்தது.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களில், பன்னிரண்டு சிவன் கோவில்கள் உள்ளன. திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, திருப்பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம் என்பன அவை. மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் மாலையில் முஞ்சிறையை அடுத்த திருமலையிலிருந்து அடியார்கள் புறப்படுவர். அன்றிரவும் மறுநாள் பகலும் கால்நடையாகவே ஓடியும் நடந்தும் பன்னிரண்டு கோவில்களையும் வரிசைப்படி வணங்கி, சிவராத்திரி இரவில் திருநட்டாலத்தை அடைவர். செல்லும் வழிக்கேற்ப இத்தொலைவை 80 முதல் 110 கிலோமீட்டர் வரை கணக்கிடுவர். காவியுடையும் கையில் பனையோலை விசிறியுமாக, ஒவ்வொரு கோவிலிலும் நீராடி, ஈர உடையுடனேயே அடுத்த கோவிலுக்கு ஓடுவர். இதனையே ‘சிவாலய ஓட்டம்’ என்பர்.

சிவன் கோவில்களுக்கு ஓடுகின்றவர்கள் ‘கோவிந்தா, கோபாலா’ என்று திருமாலின் பெயரைச் சொல்லி ஓடுவது கேட்போர்க்கு வியப்பாக இருக்கும். அதற்கு ஒரு கதை வழங்குகிறது. தருமர் செய்த வேள்வியின் பொருட்டுப் புருடாமிருகத்தை நாடிச் சென்றான் வீமன். பாதி மனித உருவும் பாதி விலங்குருவும் கொண்ட அது, சிவபெருமானிடம் அளவிறந்த அன்புடையது. திருமாலின் பெயரைக் கேட்கவும் பொறாதது. கண்ணன் பன்னிரண்டு உருத்திராக்கங்களை வீமனிடம் கொடுத்தனுப்பினான். வீமன் ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவினான். சினந்த புருடாமிருகம் அவனைத் துரத்தியது. அது நெருங்கிப் பற்றும்போதெல்லாம் வீமன் ஓர் உருத்திராக்கத்தைக் கீழே இட்டான். அது சிவலிங்கமாக மாற, புருடாமிருகம் துரத்துவதை விட்டு, நின்று வழிபட்டது. பன்னிரண்டாம் இடத்தில் வீமனின் ஒரு கால் தன் எல்லைக்குள்ளும் மற்றொரு கால் புருடாமிருகத்தின் எல்லைக்குள்ளும் இருக்க, அவன் பிடிபட்டான். வழக்கு தருமரிடம் சென்றது. அவர், தம்பி என்றும் பாராது, வீமனின் உடலில் பாதி புருடாமிருகத்திற்கே உரியது என்று தீர்ப்பளித்தாராம். அரியும் அரனும் ஒன்று என்பதை உணர்ந்து புருடாமிருகம் அமைதியுற்றது என்று கதை முடியும்.

என் தந்தையார் நாஞ்சில் நாட்டு உழவர். பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வோட்டத்தில் செல்வதாக நேர்ந்துகொண்டு, பதினோராண்டுகளை நிறைவேற்றியிருந்தார். 1984ஆம் ஆண்டு பன்னிரண்டாவது ஆண்டு. ஓட்டத்திற்குப் பத்து நாள் முன்னர் வயல் வரப்பில் வழுக்கி விழுந்து அவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கட்டுப்போட்ட காலைத் திண்ணையில் நீட்டியபடி, சுவரில் செருகியிருந்த ஓலை விசிறியையே அவர் நோக்கிக்கொண்டிருப்பார். நேர்ச்சை நின்றுவிடுமே என்ற கவலை அவர் முகத்தில் நன்கு தெரிந்தது.

அப்பொழுது எனக்கு வயது 23. புலவர் தேர்வில் வெற்றி பெற்று, ஆசிரியப் பணிக்குக் காத்திருந்தேன். நான்கு இலக்கண நூல்களைக் கற்றவுடன் உலகத்தையே கற்றுவிட்டதாக எண்ணும் பருவம் அது. “உங்களுக்காக நான் போகிறேன். மிதிவண்டியில் போனால் விடிவதற்குள் பன்னிரண்டையும் முடித்துவிடலாம்,” என்றேன். தந்தையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “வண்டியிலே போனாலும் குற்றமில்லை, மக்களே. வழியில் ஆளைக் கண்டால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போ,” என்றார். ஒரு மகனையும் ‘மக்களே’ என்று பன்மையில் அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். விசிறியைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

அன்று தந்தையாரை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் புறப்பட்டமையால், நான் திருமலையை அடையும்போது இரவு மணி பத்து ஆகிவிட்டது. அடியார் கூட்டம் எப்பொழுதோ சென்றுவிட்டது. படிக்கட்டில் தண்ணீர் சொட்டிய ஈரமும், காற்றில் தூபத்தின் மணமுமே எஞ்சியிருந்தன. வழிபாட்டை விரைந்து முடித்து வண்டியேறினேன். தேய்பிறையின் கடைசி நாள்கள் ஆதலின் நிலவு இல்லை. தாமிரபரணியாற்றங்கரையில் உள்ள திக்குறிச்சியில் நீராடியபோது, என் கையை நானே காண இயலவில்லை.

என் வண்டியில் டைனமோ விளக்கு பொருத்தியிருந்தது. டைனமோவின் சிறு உருளை டயரோடு உராய்ந்து சுழலும். உள்ளிருக்கும் காந்தமும் உடன் சுழல, அதனைச் சூழ்ந்த கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும். ஆதலால் விளக்கின் ஒளி வண்டியின் விரைவைப் பொறுத்தது. இறக்கத்தில் அது கண்ணைப் பறிக்கும், ஏற்றத்தில் மங்கிச் செந்நிறமாகும், நின்றால் அணைந்துவிடும். ஒளி மிகவும் வேண்டப்படும் இடத்திலேதான் அது நம்மைக் கைவிடும். மிக விரைந்து செல்வதே பாதையைக் காண வழி என்று அது எனக்குச் சொல்வது போலிருந்தது. நானும் அதனை நம்பினேன்.

அருமனையையும் களியலையும் கடந்து, திற்பரப்பை நெருங்கும் ஏற்றம் ஒன்றில், மங்கிய ஒளியில் ஓர் உருவம் தெரிந்தது. காவியுடுத்த முதியவர் ஒருவர் பாதையோரக் கல்லில் அமர்ந்து, ஒரு காலை மடிமீது வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அருகில் ஒரு சிறு மூட்டையும் விசிறியும் கிடந்தன. தந்தையார் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. ஆனால் ஏற்றத்தின் நடுவில் நிறுத்தினால் விளக்கு அணையும். மீண்டும் ஏறி மிதிப்பது கடினம். விடிவதற்குள் முடிக்கும் என் சூளுரையும் கெடும். மணியை மட்டும் அடித்துவிட்டு அவரைக் கடந்து சென்றேன்.

திற்பரப்பில் பாறைமேல் வீழும் கோதையாற்றின் ஓசை இருளை நிறைத்துக்கொண்டிருந்தது. அங்கும், பழங்காலத்துக் குடைவரைக் கோவிலை உடைய திருநந்திக்கரையிலும் வழிபாட்டை முடித்தபோது மணி இரண்டு. அடுத்தது பொன்மனை. சாலை வழியே சென்றால் சுற்று. ரப்பர் தோட்டத்தின் ஊடே ஒற்றையடிப் பாதை உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். விடியுமுன் முடிக்க வேண்டும் என்ற வேகத்தில் அதில் இறங்கினேன்.

அங்கே ஒன்றை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ரப்பர் மரங்கள் பனிக்காலத்தின் இறுதியில் இலை முழுவதையும் உதிர்ப்பவை. அம்மரங்களின் சருகு தோட்டமெங்கும் கணுக்கால் ஆழத்திற்குப் படிந்து, பாதையையும் பாதையல்லாததையும் ஒன்றாக்கியிருந்தது. வரிசை வரிசையாக ஒரே இடைவெளியில் நட்ட மரங்கள் எத்திசையில் நோக்கினும் ஒரே தோற்றமாயின. சிறிது தொலைவு சென்றதும், சருகுக்குள் மறைந்திருந்த ஏதோ ஒரு கூரிய கட்டை பின்சக்கரத்தைத் துளைத்தது. ‘உஸ்’ என்ற ஒலியோடு காற்று வெளியேறியது. வண்டி நின்றது, விளக்கும் அணைந்தது.

மாணவர்களே! அந்த நேரத்தில் என் படிப்பு எதுவும் எனக்குத் துணைவரவில்லை. பாலை நிலத்தின் இயல்பை இலக்கணத்தில் எத்தனையோ முறை படித்தவன் நான். வழி தவறிய அச்சம் எத்தகையது என்பதை அன்றுதான் அறிந்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் அலைந்தேன். என் காலடியில் நொறுங்கும் சருகின் ஓசை, யாரோ என்னைப் பின்தொடர்வதுபோல் கேட்டது. நின்றால் அதுவும் நின்றது. இறுதியில் வலப்புறச் சரிவில் ஒரு சிறு ஒளி தெரிந்தது. அதனையே குறியாகக் கொண்டு இறங்கினேன்.

அது பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் ஓட்டுவீடு. வாசலில் அரிக்கேன் விளக்கு தொங்கியது. அதன் கீழே மண்பானையில் தண்ணீரும், ஒரு செம்பும் வைத்திருந்தார்கள். சிவாலய ஓட்டக்காரர் செல்லும் வழி அந்த வீட்டை ஒட்டியே சென்றது. ஆண்டுதோறும் அந்த ஓரிரவு விளக்கேற்றித் தண்ணீர் வைப்பது அவர்கள் வழக்கமாம். திறந்திருந்த கதவினூடே, சுவரில் மாதாவின் படம் ஒன்றைக் கண்டேன். வீட்டுக்காரர் என் நிலையைக் கண்டதும் ஒன்றும் வினவாமல் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டயரைக் கழற்றி, டியூபை வெளியே இழுத்தார். அவர் மனைவி கருப்பட்டியும் சுக்கும் கலந்த பானகத்தை எனக்குக் கொடுத்தார். வீட்டுக்காரர் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வந்த இடத்தைக் கண்டு, உலர்த்தித் தேய்த்து, பசை தடவி, பழைய டியூபின் துண்டொன்றை ஒட்டினார். “பசை காயவேண்டும், அவசரப்பட்டால் ஒட்டு நிற்காது,” என்றார்.

பசை காயக் காத்திருந்தபோது, கிழக்கே மரங்களுக்கிடையில் நகக்கீற்றுப் போன்ற பிறை எழுந்தது. அவ்வேளையில், ‘கோவிந்தா, கோபாலா’ என்று மெல்லிய குரல் ஒன்று பாதையில் வந்தது. விளக்கொளியில் வந்து நின்றவரைக் கண்டதும் என் நெஞ்சு திடுக்கிட்டது. திற்பரப்பு ஏற்றத்தில் நான் கடந்து வந்த முதியவர் அவரே. ஒரு காலைத் துணியால் கட்டியிருந்தார். அவர் என் வண்டியையும் அதன் மணியையும் பார்த்தார்.

“ஏற்றத்தில் மணியடித்துப் போனது நீதானா, மக்களே?” என்று கேட்டார்.

“ஆம், பாட்டா,” என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல் எழவில்லை.

“காலில் கல் குத்திவிட்டது. கூட வந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் பின்னே நான் ஒருவன்தான் என்று தளர்ந்து உட்கார்ந்திருந்தேன். உன் மணி கேட்டதும், இன்னும் ஆள் வருகிறது என்று ஒரு தெம்பு வந்தது. எழுந்து நடந்துவிட்டேன்,” என்றார் அவர்.

அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் கூறியிருந்தால் நான் ஆறுதல் அடைந்திருப்பேன். என் புறக்கணிப்பையே உதவியாகக் கொண்டு அவர் நன்றி கூறியது என்னைச் சுட்டது. புருடாமிருகத்தின் கதையை நான் பலர்க்கு விரித்துரைத்தவன். பகைவனைத் துரத்திக்கொண்டு ஓடும் வேகத்திலும், வழிபடற்குரியதைக் கண்டபோதெல்லாம் அது நின்றது. பன்னிரண்டு முறை நின்றது. என்னை ஒருவரும் துரத்தவில்லை. நானும் ஒருவரையும் துரத்தவில்லை. ஆயினும் நான் நிற்கவில்லை.

ஒட்டு உறுதிப்பட்டதும் காற்றடித்துப் புறப்பட்டோம். வீட்டுக்காரர் பணம் வாங்க மறுத்துவிட்டார். பாட்டாவை வண்டியின் பின்னே ஏறும்படி வேண்டினேன். “நடப்பதாக நேர்ந்திருக்கிறேன், கால் இருக்கும்வரை நடப்பேன்,” என்றார். மூட்டையை மட்டும் என்னிடம் தந்தார். அதனை வண்டியில் கட்டி, அவரோடு நடந்தேன். சருகு மூடிய பாதையை அவர் கண்ணால் தேடவில்லை, பாதத்தால் அறிந்தார். பலர் நடந்த மண் இறுகியிருக்கும், ஏனைய இடம் நெகிழ்ந்திருக்கும் என்று எனக்கும் காட்டிக் கொடுத்தார்.

பொன்மனையை அடையும்போது பொழுது விடிந்தது. பன்னிரண்டையும் முடித்திருப்பேன் என்று நான் சொன்ன நேரத்தில் ஐந்தாம் கோவிலில் நின்றேன். திருப்பன்னிப்பாகத்தையும், திருவிதாங்கூரின் பழைய தலைநகராகிய பத்மநாபபுரத்துக் கல்குளம் கோவிலையும், வேளிமலைச் சாரலில் உள்ள மேலாங்கோட்டையும் நடந்தே கடந்தோம். வெயில் ஏற ஏறப் பாட்டாவின் நடை தளர்ந்தது. வழியோர நிழல்களில் அமர்ந்து, என் தந்தையாரின் விசிறியால் அவருக்கு வீசினேன். திருநட்டாலத்தை நாங்கள் அடைந்தபோது சிவராத்திரி இரவு மணி ஒன்பது.

பிற்காலத்தில், மிதிவண்டி வரலாற்றைப் படிக்கும்போது, பிரான்சு நாட்டுச் சார்லசு தெரோன் என்பவரைப் பற்றி அறிந்தேன். அவர் 1891ஆம் ஆண்டில், பாரிசிலிருந்து பிரெஸ்து நகர் சென்று மீளும் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் தொலைவை, இரவிலும் உறங்காது 72 மணி நேரத்திற்குள் கடந்து முதலிடம் பெற்றார். அத்தகைய உடல் வலிமையும் மன உறுதியும் போற்றத்தக்கனவே. ஓட்டப் பந்தயத்தில் விரைவுக்கு மதிப்பு உண்டு. ஆனால் எல்லா வழியும் பந்தய வழி அன்று. எந்த வழியில் விரைய வேண்டும், எந்த வழியில் நிற்க வேண்டும் என்று அறிவதும் கல்வியின் ஒரு பகுதியே.

மறுநாள் காலையில் வீடு திரும்பினேன். விடியுமுன் முடிப்பேன் என்று கூறிச் சென்றவன் ஒரு பகலும் ஓர் இரவும் கழித்து வருகிறேனே, தாமதம் ஏன் என்று தந்தையார் கேட்பார் என எண்ணி, விடையும் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் அதனைக் கேட்கவில்லை. விசிறியை வாங்கிக்கொண்டு, “யாரோடு வந்தாய், மக்களே?” என்று மட்டும் கேட்டார். நடந்தது அனைத்தையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டு முடித்தபின், விசிறியைச் சுவரில் செருகச் சொல்லிவிட்டு, “நேர்ச்சை முடிந்தது,” என்றார்.

என் தந்தையாருக்கு அதன்பின் நெடுவழி நடக்கும் வலிமை வரவில்லை. அடுத்த ஆண்டு முதல் நான் பல ஆண்டுகள் அவ்விசிறியுடன் நடந்து சென்றேன். இன்று அவ்வழிகள் பல தார்ச்சாலைகளாகிவிட்டன; நடந்து செல்வோர் ஒருபுறமிருக்க, பலர் ஊர்திகளில் ஒரே நாளில் பன்னிரண்டு கோவில்களையும் கண்டு மீள்கின்றனர். அதில் குறையொன்றும் இல்லை. எதில் சென்றாலும் செல்லலாம். வழியில் ஆளைக் கண்டால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செல்லுதல் வேண்டும்.