ஹோட்டன் சமவெளியில் எங்கள் பிள்ளைகள்

கிளிநொச்சியிலிருந்து புறப்படும்போது வெயில் நெருப்பாய்க் கொளுத்தியது. மறுநாள் பட்டிப்பொலையில் ரயிலை விட்டு இறங்கியபோது பிள்ளைகளுக்குப் பல் கிடுகிடுத்தது. எமது நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம் அது. கடல் மட்டத்திலிருந்து 1891 மீற்றர். கொண்டுபோன கம்பளி உடுப்புகள் போதவில்லை. என்னுடைய கணக்குப் பிழைதான்.

2023 ஆகஸ்ட் மாதம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருந்த ஆறு யுவதிகளை அழைத்துப் போயிருந்தேன். தெற்கிலிருந்தும் நுவரெலியாத் தோட்டங்களிலிருந்தும் வந்த பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வாரம் ஹோட்டன் சமவெளியில் முட்செடி பிடுங்குவதுதான் வேலை.

“முள்ளுப் பிடுங்க அவ்வளவு தூரம் போகவேணுமே? எங்கட வளவிலயே நிறையக் கிடக்கு” என்று ஒரு தாய் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அந்தச் சமவெளியிலிருந்து நீர் போகிறது. மூதூர்ப் பக்கம் கடலில் கலக்கும் மகாவலிக்கும் அங்கே ஒரு தொடக்கம் இருக்கிறது என்று சொன்னேன். அவர் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் பிள்ளையை அனுப்பினார்.

5000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டக்கூடாது என்று 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் ஆங்கில அரசுக்கு ஆலோசனை சொன்னார். கோப்பிக்கும் தேயிலைக்கும் பலியாகாமல் இந்த மேட்டுநிலம் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதே ஆங்கிலேயர் காலத்தில்தான் ஐரோப்பாவிலிருந்து கோர்ஸ் என்ற முட்செடியும் வந்தது. மஞ்சள் பூ, பார்க்க அழகு. அது பற்றைபற்றையாகப் படர்ந்தால் மரைகள் மேயும் புல் அடியில் செத்துப்போகும். 1960களில் அங்கே விதை உருளைக்கிழங்குக்காகப் புல்வெளியை உழுதும் இருக்கிறார்கள். 1988இல்தான் அது தேசிய பூங்காவானது.

விளக்கங்கள் எல்லாம் சிங்களத்தில்தான் சொல்லப்பட்டன. தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி கேளாமலே எமக்கு மொழிபெயர்க்கத் தொடங்கினாள். சிறு செடியை வேரோடு இழுக்க வேண்டும். பெரியதை அடியோடு வெட்ட வேண்டும். வெட்டிய கட்டை மறுபடி துளிர்க்கும். காய்களைச் சிந்தாமல் பையில் போட வேண்டும். விதை மண்ணுக்குள் முப்பது ஆண்டுகள்கூட உறங்கிக் கிடக்குமாம்.

முதல்நாள் காலை எல்லோரும் புல்லுக்குள் இறங்கினார்கள். ஒருத்தி மட்டும் பாதையிலேயே நின்றாள். மூடுபனியில் அவளுடைய சிவப்புத் தொப்பி மட்டுமே தெரிந்தது. அவளுடைய தாய் முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலை செய்பவர். பாதையை விட்டு இறங்காதே என்பதுதான் அந்தப் பிள்ளை கேட்டு வளர்ந்த முதற்பாடம். இங்கே வெடி இல்லை என்று அவளுக்குத் தெரியும். கால்தான் கேட்கவில்லை.

சமூகவியல் படித்த எனக்கு அந்த நேரத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைதான் திரும்பி வந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. “நான் கால் வச்ச எடத்துலயே வச்சு வாங்க” என்று சொல்லி முன்னால் நடந்தாள். மத்தியானம் ரொட்டியும் சம்பலும் வந்தபோது சிவப்புத் தொப்பிக்காரியைப் புல்லுக்குள்ளிருந்து கூப்பிட்டு எடுக்க வேண்டியிருந்தது.

இரவு தாயோடு தொலைபேசியில் கதைத்தாள். பயந்ததைச் சொல்லவில்லை, செடி பிடுங்கியதைச் சொன்னாள். தாய் கேட்டது எனக்கும் கேட்டது: “அடிவேர் வந்ததோ? நாளைக்கும் அதே துண்டைத் திரும்ப ஒருக்காப் பாருங்கோ பிள்ளை. முதல் பார்வையில எல்லாம் அம்பிடாது.” பார்த்தார்கள். பதினான்கு நாற்றுகள் அம்பிட்டன.

கடைசிநாள் தந்த சான்றிதழில் ஒரு வரி தமிழும் இல்லை. ஏற்பாட்டாளர்களிடம் சொன்னேன், அடுத்தமுறை பார்ப்போம் என்றார்கள்.

2024 ஆகஸ்டிலும் போனோம். அதே துண்டில் விரலளவு நாற்றுகள் மறுபடி முளைத்திருந்தன. இந்தமுறை கம்பளி உடுப்புகள் போதியளவு இருந்தன. சான்றிதழில் பெயர் மட்டும் தமிழில் இருந்தது.