அறுபத்தைந்தாவது திருவிளையாடல்

மதுரையில் பிறந்தவர்களிடம் வந்து, "விளையாட்டெல்லாம் வெட்டி வேலை" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. எங்கள் ஊர்ச் சொக்கநாதரே விளையாட்டுப் பேர்வழி. ஒன்றல்ல, இரண்டல்ல, 64 தடவை விளையாடியிருக்கிறார்! பரஞ்சோதி முனிவர் அதைப் புராணமாகவே பாடி வைத்துவிட்டார். கடவுள் விளையாடினால் புராணம், குழந்தை விளையாடினால் மட்டும், "புத்தகத்தை எடுடா!" என்று அதட்டல். இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள்!

ஆனாலும், வாசக சகோதரிகளே, உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. வீடியோ கேம் என்ற பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது அல்லவா? கதவைச் சாத்திக்கொண்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, "சுடு, பிடி" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு பிள்ளை உட்கார்ந்திருந்தால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? ஆனால் எல்லா விளையாட்டும் அந்த ரகம் அல்ல. 'அட்வென்சர்' என்று ஓர் இனம் உண்டு. கதையில் வரும் ஆளாக நாமே மாறி, வழி தேடி, புதிர் அவிழ்த்து, என்ன ஆகிறதென்று பார்ப்பது. நம் பாட்டிமார் வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்து ஆடிய பரமபதத்துக்கு ஒருவிதத்தில் இது பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த இனம் பிறந்த கதையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அமெரிக்காவில் வில் கிரௌதர் என்று ஒரு கம்ப்யூட்டர் நிபுணர். ஓய்வு கிடைத்தால் கென்டக்கி மாகாணத்து மாமத் குகைக்குள் இறங்கி, அதன் சந்து பொந்துகளுக்கு வரைபடம் போடுவார். 1975-ஆம் ஆண்டுவாக்கில் அவரும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகள். அப்பாவைப் பார்க்க வரும் அந்தக் குழந்தைகளுக்குக் காட்டி மகிழ்விக்க, தாம் நடந்த குகையையே கம்ப்யூட்டருக்குள் ஒரு விளையாட்டாக எழுதி வைத்தார் மனிதர். படம் கிடையாது, பாட்டுக் கிடையாது, வெறும் எழுத்துத்தான். 1977-இல் டான் வுட்ஸ் என்பவர் அதை விரித்து எழுத, அது எங்கும் பரவியது. 'அட்வென்சர்' என்ற இனப் பெயரே அந்த விளையாட்டின் பெயரிலிருந்து வந்ததுதான். பிரிந்து போன பெண்களோடு பேச ஒரு தகப்பன் தேடிய வழி அது!

எனக்கு இதிலெல்லாம் அக்கறை வரக் காரணம் என் அக்கா மகன்.

அக்கா இருப்பது கனடாவில், டொராண்டோ நகரில். பையனுக்கு வயது பதினான்கு. போன ஆகஸ்டு மாதம், பள்ளி விடுமுறையில், மூன்று வாரம் எங்களோடு இருக்கட்டும் என்று அவனை மட்டும் அனுப்பி வைத்தாள். எங்கள் வீடு சிம்மக்கல்லில், வைகைக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு சந்துக்குள் இருக்கிறது. 1889-இல் கட்டி முடித்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தை நோக்கிப் போகும் பஸ்களின் ஹாரன்தான் எங்களுக்குத் திருப்பள்ளியெழுச்சி. வீட்டில் நானும் அம்மாவும் மட்டுமே.

பேரன் வருகிறான் என்றதும் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. முறுக்கென்ன, சீடையென்ன, சந்தடிதான் போங்கள்! பையனும் வந்தான். நல்ல பிள்ளை. ஆனால் தமிழ் காதில் ஏறும், வாயில் இறங்காது. அம்மாவின் ஆங்கிலமோ 'தேங்க்யூ'வோடு சரி.

"சாப்பிடுறியா ராசா?"

"யெஸ்."

"இன்னொண்ணு வைக்கவா?"

"நோ, நோ."

முதல் வாரம் முழுவதும் பாட்டிக்கும் பேரனுக்கும் நடந்த சம்பாஷணை இவ்வளவுதான். ஒரு நாள் ராத்திரி அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "எம் பேரன் எனக்கே விருந்தாளியாப் போயிட்டானேடி" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. குரல்தான் காட்டிக் கொடுத்தது.

இரண்டாவது வாரம் ஒரு மாலை. பையன் கூடத்தில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதிலிருந்து தமிழ்ப் பாட்டுக் கேட்கவே, அடுப்படியிலிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். திரையில் ஒரு சமையலறை. புடைவை கட்டிய ஒரு பெண். அடுப்பு. இட்லிப் பானை!

"இது என்னடி, நம்ம வீட்டைப் படம் பிடிச்சு வச்சிருக்கானா?" என்றாள் அம்மா.

அந்த விளையாட்டின் பெயர் 'வெண்பா'. டொராண்டோவிலுள்ள 'விசை கேம்ஸ்' என்ற சின்ன நிறுவனம் 2023 ஜூலை 31-ஆம் தேதி வெளியிட்டது. இதைப் படைத்தவர் அபி என்னும் தமிழர். கதை 1988-இல் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன கணவன் மனைவி; கணவன் பெயர் பாவலன், மனைவி பெயர் வெண்பா. வெண்பாவிடம் அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்று இருக்கிறது. பாவம், கிழிந்தும் எழுத்து அழிந்தும் போனது. விட்டுப்போன வரிகளை ஊகித்துச் சமையலை ஒப்பேற்ற வேண்டியது விளையாடுகிறவர் பொறுப்பு. துப்பாக்கியும் இல்லை, கத்தியும் இல்லை. இந்த அட்வென்சரில் கடக்க வேண்டிய காடும் மலையும் அடுப்படிதான்!

பையன் இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். அவ்வளவுதான், அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"டேய், டேய்! ஒரு குழிக்கு நேர் மேலே இன்னொரு குழியை வச்சா ஆவி எப்படிடா போகும்? மேல்தட்டு அழுத்திக் கீழே உள்ளது சப்பையாப் போகும். தட்டைத் திருப்பி மாத்தி வை!"

அவன் திருகி வைத்தான். இட்லி வெந்தது. திரும்பிப் பாட்டியைப் பார்த்தான் பாருங்கள், ஏதோ பெரிய வித்தைக்காரியைப் பார்ப்பது போல! "அம்மாச்சி, ஹௌ டு யூ நோ?" என்றான். கேள்வி அம்மாவுக்குப் புரியாவிட்டாலும் அந்த முகம் புரிந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள். கை அவனுடையது, மூளை அம்மாவுடையது.

அடுத்தது புட்டு. குழாயில் மாவும் தேங்காயும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். மதுரைக்காரியிடம் புட்டைக் காட்டினால் சும்மா விடுவாளா? ஆவணி மூலம் நெருங்கிக்கொண்டிருந்த சமயம் வேறு. வைகையில் வெள்ளம் வந்ததையும், வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வர வேண்டுமென்று பாண்டியன் கட்டளையிட்டதையும், பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்காகச் சொக்கநாதரே கூலியாளாய் வந்து, உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டு மண் சுமந்ததையும், அவர் முதுகில் விழுந்த பிரம்படி உலகத்தார் முதுகிலெல்லாம் விழுந்ததையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நடுநடுவே நான் மொழிபெயர்ப்பாளர்.

"கடவுள் ஏன் கூலி வேலைக்கு வரணும்?" என்று என் மூலம் கேட்டான் பையன்.

"அந்தக் கிழவிக்குன்னு யாருடா இருந்தா? ஆள் இல்லாத வீட்டுக்குப் பிள்ளையாட்டம் வந்தாரு" என்றாள் அம்மா.

கதை மேலே போகிறது. வெண்பாவுக்கு ஒரு மகன் பிறந்து வளர்கிறான். கவின் என்று பெயர். தாய் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். வீட்டுச் சாப்பாட்டைப் பள்ளிக்கு எடுத்துப்போக வெட்கப்படுகிறான். அந்த இடம் வந்ததும் எங்கள் பையனின் விரல் நின்றுவிட்டது. "அமுக்கு ராசா" என்று அம்மா ஊக்கினாள். அவன் அமுக்கவில்லை. சற்றுப் பொறுத்து, எழுத்துக் கூட்டுவது போல, "நானும்... லஞ்ச்... கொட்டிட்டேன். அம்மாக்குத் தெரியாது" என்றான். முழு வாக்கியமாக அவன் பேசி நாங்கள் கேட்ட முதல் தமிழ் அதுதான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவன் தலையைக் கோதிவிட்டாள்.

அவள் மனசு வேறெங்கோ இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. "அந்த முதல் கதையை இன்னொரு தரம் போடச் சொல்லேன்" என்றாள். முதல் கதையில் வெண்பாவுக்கு உடம்பு சரியில்லை. இருந்தும் எழுந்து இட்லி வார்க்கிறாள். கடைசியில், தான் கர்ப்பமாக இருப்பதை அறிகிறாள். தாயார் ஏழு கடலுக்கு அப்பால். கையில் இருப்பதோ எழுத்து அழிந்த ஒரு புத்தகம்.

இதை அம்மா இரண்டாம் முறையும் கண் கொட்டாமல் பார்த்தாள். காரணம் எனக்குத் தெரியும். இந்தப் பையன் பிறந்த சமயத்தில் என் தந்தை படுத்த படுக்கையாக இருந்தார். அம்மாவால் கனடா போக முடியவில்லை. "நீ வராட்டி என்னம்மா, இங்கே ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் பார்த்துக்குவாங்க" என்று அக்கா போனில் சொன்னாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பிற்பாடு தந்தையும் காலமாகிவிட்டார். பதினான்கு வருஷமாக வாராவாரம் போன் வரும். "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்." அங்கே பனி, இங்கே வெயில். இதற்குமேல் போகாது.

இங்கே இரவு ஒன்பது மணி என்றால் டொராண்டோவில் கோடைக் காலத்தில் காலை பதினொன்றரை. அம்மாவே போன் போடச் சொன்னாள். அக்கா முகம் திரையில் வந்ததும், முன்னுரை எதுவும் இல்லாமல் கேட்டாள்: "ஏண்டி, இவன் வயித்துல இருந்தப்போ உனக்கு வாய்க்கு ருசியா யாரு செஞ்சு கொடுத்தா?"

அக்கா சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"நானேதாம்மா. இட்லி ஊத்தினேன், கல்லு மாதிரி வந்துச்சு. அந்தக் குளிருக்கு மாவு பொங்கலை. அதையே தின்னேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா அப்பாவை விட்டுட்டு எப்படிம்மா வருவே?"

இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. நானும் பையனும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டோம். அரைமணி கழித்துத் திரும்பினால், குளிர் நாட்டில் அடுப்புப் பெட்டிக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவை வைத்தால் பொங்கும் என்று அக்கா சொல்ல, அம்மா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைய பேச்சு ஒரு மணி நாற்பது நிமிஷம்!

சகோதரிகளே, இந்த விளையாட்டை ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். 2024-இல் இங்கிலாந்தின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் படைப்புக்கான விருது இதற்குக் கிடைத்தது. தமிழ்க் குடும்பத்தின் கதை உலகத்தார் மெச்சும்படி ஆனதில் நமக்குப் பெருமைதான். ஆனால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்தது வேறு. தாயும் மகளும், அடுத்தவர் வருந்தக் கூடாதே என்று தனித்தனியே மூடி வைத்திருந்ததைத் திறந்து பேச, யாரோ ஒரு வெண்பா சாக்காக வந்தாள். நம் குடும்பங்களில் பாசத்துக்குக் குறைச்சலே கிடையாது. பேச்சை எங்கே தொடங்குவது என்பதில்தான் தடுமாற்றம்.

ஆகவே, வீட்டில் பிள்ளை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து, அது என்ன கதை என்று கேளுங்கள். வெட்டுக் குத்து என்றால் நிறுத்துங்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அது தம்பியைத் தேடி அலையும் ஓர் அக்காவின் கதையாகவும் இருக்கலாம். புனாவிலிருந்து 2020-இல் வந்த 'ராஜி' அப்படிப்பட்டதுதான். கேட்டால்தானே தெரியும்?

பையன் ஊருக்குப் போகுமுன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அம்மாச்சியின் சமையலை எழுதிக்கொண்டான். தமிழ் எழுதத் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினான். அம்மாவின் அளவெல்லாம் 'ஒரு கை', 'கண்ணளவு'. அவனுக்கா ஒத்துவரும்? தராசைக் கொண்டுவந்து, அம்மாவை ஒரு கை உளுந்து அள்ளிப் போடச் சொன்னான். பிறகு தானும் ஒரு கை அள்ளிப் போட்டுப் பார்த்தான். அவனுடையது ஏழு கிராம் கூடுதல்.

"உனக்குக் கை பெரிசாயிடுச்சுடா ராசா" என்றாள் அம்மா. நோட்டின் முதல் பக்கத்தில் அவன் எழுதினான்: "அம்மாச்சி கை, 42 கிராம்."