வாழப்பாடிக்குப் போய் வந்தோம்

கிரிக்கெட் பார்க்க ராயக்கோட்டைக்காரர்களுக்குப் பக்கம் பெங்களூரு சின்னசாமி மைதானம்தான். இருந்தும் பள்ளித் தோழர்கள் எல்லோரும் இந்த முறை வண்டியைத் தெற்கே திருப்பினோம். சனி, ஞாயிறு, தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) ஆட்டங்கள்.

ஒருத்தன் ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்த கையோடு ஏறினான். இன்னொருத்தன் தக்காளி மண்டியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான். பாலக்கோடு, தருமபுரி, தொப்பூர் கணவாய் என வழி நெடுகப் பழைய டென்னிஸ் பால் மேட்ச்களின் பேச்சுதான்.

நாங்கள் போன, வாழப்பாடி அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில் உள்ள மைதானம் 2020இல் திறக்கப்பட்டது. திறப்பு விழாவுக்கு ராகுல் டிராவிட் வந்திருந்தார். மட்டையில் பந்து படும் சத்தம் நேராகக் காதில் விழுகிறது. பவுண்டரியில் நிற்கும் பையனின் பதற்றம்கூட முகத்தில் தெரிகிறது. பெரிய ஸ்டேடியத்தில் இந்த நெருக்கம் கிடைக்காது.

இதே சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன், டென்னிஸ் பந்தில் தொடங்கி, டிஎன்பிஎல் யார்க்கர்களால் பெயர் பெற்று, 2020-21 ஆஸ்திரேலியத் தொடரில் மூன்று வடிவங்களிலும் இந்தியாவுக்கு அறிமுகமானவர். 2023இல் சொந்த ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்துக் கொடுத்தார். எனக்கு அவர் எடுத்த விக்கெட்டுகளைவிட இது பெரிது.

"நமக்கும் அப்படி ஒண்ணு இருந்திருந்தா, நம்ம செட்லயும் ஒருத்தன் எங்கயோ போயிருப்பான்டா மாப்ள" என்றான் மண்டிக்காரன். உண்மைதான்.

ஊர்ப் பையன்கள் பயிற்சி எடுக்க ஒரு மேட்டிங் விக்கெட் போட்டுத் தரலாம் என்று பேசியிருக்கிறோம். சேர விருப்பமுள்ள ராயக்கோட்டை நண்பர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.