கயிற்றுக்கு நேராக

வெள்ளிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அப்பாவின் வேலையைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "என் அப்பா கப்பல் கட்டுகிறார்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள் என் மகள். அடுத்த வாரம் டீச்சர் என்னைப் பார்த்ததும், "மஸ்கட்டில் எங்கே சார் கப்பல் கட்டுறீங்க?" என்று கேட்டார். நான் கட்டுவது கயிற்றால் என்றதும் சிரித்துவிட்டார்.

எண்ணெய்க் கப்பலை நடுக்கடலில் கட்டுவதும் அவிழ்ப்பதும்தான் என் பிழைப்பு. 3 லட்சம் டன் ஏற்றும் கப்பல் 330 மீட்டர் நீளம் இருக்கும். நிறைந்தால் 20 மீட்டருக்கு மேல் நீரில் அமிழும். அதனால் கரையை ஒட்ட முடியாது. கரையிலிருந்து தள்ளி ஒரு மிதவையைச் சங்கிலிகளால் கடல்தரையோடு பிணைத்து, அடியில் குழாய் வழியே எண்ணெயைக் கொண்டுவருவார்கள். ஓமானின் எண்ணெய் 1967 முதல் மினா அல் ஃபஹல் கரையிலிருந்து கப்பலேறுகிறது. கப்பலின் மூக்கை மட்டுமே மிதவையில் கட்டுவோம். காற்றும் நீரோட்டமும் திரும்பும் பக்கமெல்லாம் கப்பலும் திரும்ப வேண்டும். அது மிதவை மேல் ஏறிவிடாமல் பின்னாலிருந்து ஒரு இழுவைப்படகு பிடித்துக்கொண்டிருக்கும்.

மிதவையிலிருந்து தடித்த நைலான் வடம் வரும். அதன் நுனியில் 76 மில்லிமீட்டர் தடிமனில் சங்கிலி. சங்கிலியின் நுனியில் மிதக்கும் இழுகயிறு. படகுக்காரர்கள் இழுகயிற்றைக் கொண்டுவந்து தர, நாங்கள் வின்ச்சில் சுற்றிச் சங்கிலியை மேலேற்றி, தளத்திலுள்ள இரும்புப் பிடியில் மாட்டுவோம். இழுகயிறு சங்கிலியைத் தூக்கத்தான், கப்பலை இழுக்க அல்ல. கப்பல் சற்றுப் பின்வாங்கினாலும் அது விறைத்துவிடும். விறைத்த கயிறு அறுந்தால் வந்த வழியே திரும்பி அடிக்கும்.

பல வருடங்களுக்கு முன்பு, வேறொரு முனையத்தில், இரவு நேரம். வின்ச் உருளையில் கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. அதைச் சரிசெய்ய ஒரு பிலிப்பைன்ஸ் பையன் கயிற்றுக்கு நேராகப் போய் நின்றான். அதே நேரம் நீரோட்டம் கப்பலைப் பின்னால் தள்ளியது. கயிறு முனகுவது கேட்டது. கப்பலில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். என் வாயில் வந்தது, "லேய், தள்ளுல!"

அவன் துள்ளி விலகினான். கயிறு அறுந்து, அவன் நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்த கம்பியில் அடித்தது. கம்பியில் பெயின்ட் உரிந்து பளபளவென்று தெரிந்தது.

அது அப்பாவின் குரல். தூத்துக்குடியில் விசைப்படகில் போனவர். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. "கயித்துக்கு நேரா நிக்காதல" என்று எனக்கு எட்டு வயதிலேயே சொல்லத் தொடங்கிவிட்டார். பயிற்சி வகுப்பில் ஆபத்துப் பகுதியைப் படம் போட்டுக் காட்டி 'ஸ்நாப்-பேக்' என்று விளக்கியபோது, எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

மறுநாள் அப்பாவுக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் அவங்க அம்மாகிட்ட பேசுனானா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "நீ உங்கம்மாகிட்ட சொல்லாத" என்று வைத்துவிட்டார்.

எண்ணெய் ஏற்றி முடிந்து அவிழ்க்கும்போது அதே பையன்தான் பிடியருகே நின்றான். குழாய்களை வடித்து, மூடி, கடலில் இறக்கியாயிற்று. கப்பல் மெல்ல முன்னே நகர்ந்து வடம் தளர்ந்த பிறகே பிடியைத் திறக்க வேண்டும். திறந்ததும் சங்கிலியை விட்டெறியவும் கூடாது. இழுகயிற்றால் தாங்கி மெதுவாக இறக்க வேண்டும். காத்திருந்தபோது, வீட்டுக்குப் பேசினாயா என்று கேட்டேன்.

"பேசினேன். இதைச் சொல்லவில்லை" என்றான்.

வடம் தளர்ந்தது. கைகாட்டினேன். திறப்பதற்கு முன் அவன் ஒருமுறை குனிந்து, தன் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டான்.