கழன்ற ஆணி

பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று வெளியேறினோம். ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை எனப் பிரித்துக் காட்டுவது எமக்கு எளிது. ஆயினும், விரல் நீளங்கூட இல்லாத ஓர் இரும்பாணி எம் கல்வியைச் சந்திக்கு இழுத்துவிட்டது.

எமது அயலிலே ஓர் அக்கா இருக்கிறார். 2009இல் கணவரை இழந்தவர். கலியாணம், பிறந்தநாள் என்று கேக் செய்து கொடுத்தே பிள்ளைகள் இருவரையும் படிப்பிக்கிறார். கனடாவிலுள்ள தம்பி அனுப்பிய கேக் அடிக்கும் இயந்திரமே அவருடைய மூலதனம். அந்நாட்டு மின்னழுத்தம் 120 வோல்ற்று, நம்முடையது 230. ஆதலால் அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றிப் பெட்டியொன்று அதனருகே உறுமிக்கொண்டிருக்கும். 2022 மார்ச்சு இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டபோது அக்கா கையாலேயே அடித்தார். ஓர் இறாத்தல் பட்டரும் சீனியும் வெளுத்து நுரைக்கும்வரை கையால் அடித்தவர்களுக்கே அதன் வருத்தம் தெரியும். இயந்திரங்கள் பெண்களைச் சோம்பேறிகளாக்குகின்றன என்று மேடையிலே முழங்கும் கனவான்களை ஒரு நாள் அந்தக் குசினியிலே இருத்திப் பார்க்க வேண்டும்.

இவ்வகைப் பொறியின் நுட்பமெல்லாம் தலையிலே இருக்கிறது. அடிப்பான் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, எதிர்த்திசையிலே கிண்ணத்தையும் வலம் வரும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துப் பொறியியலாளர் ஹேர்பேட் ஜோன்ஸ்ரன், வெதுப்பகத் தொழிலாளி ஒருவர் இரும்புக் கரண்டியால் மாவைக் கலக்கிக் களைத்ததை 1908இல் கண்டு இதனை எண்ணினார் என்பர். வீடுகளுக்கென 1919இல் வந்த பொறி 65 இறாத்தல் நிறை, விலை 189.50 டொலர். தொழிலாளியின் தோள்நோவிலே பிறந்த பொருள், விலையிலே செல்வர் வீட்டுக்குரியதாயிற்று!

ஒரு வியாழன் மாலை அக்காவின் இயந்திரம் கடகடத்தது. தலை தொங்கிற்று; அடிப்பான் கிண்ணத்தின் அடியைச் சுரண்டிற்று. சனிக்கிழமைக்கு ஒரு கலியாணக் கேக் கொடுக்க வேண்டும். முற்பணம் வாங்கிச் சாமானும் வாங்கியாயிற்று.

"மாஸ்ரர், நீங்கள் படிச்சனீங்கள். ஒருக்காப் பாருங்கோவன்" என்றார்.

'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. மின்தொடுப்பைக் கழற்றிவிட்டு, தலையின் கீழிருந்த வளையத்தைத் திருப்புளியால் நெம்பி எடுத்தோம். குற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. நேர்தண்டையும் தலையையும் ஊடுருவி இரண்டையும் பிணைக்கும் ஆணி, பாதி வெளியே வந்திருந்தது. உள்ளே அடித்துவிட்டால் தீர்ந்தது என்று சுத்தியலை எடுத்தோம். நான்காம் அடியிலே ஆணி வளைந்தது. பின்னர் அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

அக்கா கோபிக்கவில்லை. "போகட்டும் மாஸ்ரர், நான் கையாலை அடிப்பன்" என்றார். அவர் ஏசியிருந்தால் அன்றிரவு நாம் உறங்கியிருப்போம்.

விடிந்ததும் பொறியை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு கடைசல் பட்டறைக்குப் போனோம். அங்கே நின்றவன் எம் பழைய மாணவன். கட்டுரை எழுத வராதென்று அவனைப் பின்வாங்கிலே இருத்தியவர் வேறு யாருமல்லர், நாமே.

அவன் வளைந்த ஆணியைப் பார்த்தான். "சேர், அடிக்க முதல் துளை ரெண்டும் நேராய் நிக்குதோ எண்டு பாக்கேல்லையோ?"

பார்க்கவில்லை. எத்தனையோ பிள்ளைகளை நாம் கேட்ட கேள்வியின் தொனி அது. ஆனால் அவன் குரலிலே ஏளனம் இல்லை.

தண்டின் கீழே மரக்கட்டையை அண்டை கொடுத்து, மறுபுறத்திலிருந்து ஆணியைத் தட்டி வெளியேற்றினான். துளை தேய்ந்து முட்டை வடிவமாயிருந்ததை விரலால் தடவிக் காட்டினான். அதனைச் சிறிது பெரிதாக்கி, அதற்கேற்ற பருமனிலே புதிய ஆணி கடைந்தான். நல்ல வலிய உருக்கிலே செய்யும்படி ஆலோசனை கூறினோம். வாய் சும்மா இருக்குமா?

"வேண்டாம் சேர். ஆணி தேய்ஞ்சால் இன்னொண்டு கடையலாம். தண்டு தேய்ஞ்சால் கனடாவுக்குத்தான் எழுதோணும்."

இப்பொறிகள் சிலவற்றின் உள்ளேயும் ஒரு பற்சில்லை வேண்டுமென்றே மெதுவான பொருளாற் செய்கிறார்கள்; பாரம் மிகும்போது அது கெட்டு, மற்றவற்றைக் காக்கும். இதனை அறிந்ததும் எம் தமிழாசிரியப் புத்தி சமுதாயத்துக்கு உவமை தேடத் தொடங்கிற்று. தேய்பவர் யார், தேயாமல் நிலைப்பவர் யார் என்றெல்லாம் ஓடிற்று. ஆனால் ஆணியை மாற்றலாம். மனிதரை அவ்வாறு மாற்றத்தக்கவராக எண்ணுவதற்கு உவமையும் துணைபோகக் கூடாது. அதனை அங்கேயே விட்டோம்.

கூலி 1,500 ரூபா என்றான். ஆசிரியரிடம் வாங்க மாட்டான் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தோம். அந்த எதிர்பார்ப்பை எண்ணி நாணினோம். காசை எண்ணி வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டு எழுதித் தந்தான். 'கடைசல் கூளி' என்றிருந்தது. கூளி என்றால் பேய். எமது கை தன் பழக்கத்திலே சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவைத் தொட்டது. தொட்ட கையை எடுத்துக்கொண்டோம்.

அன்றிரவு எட்டு மணிக்கு மதிலுக்கு அப்பாலிருந்து மின்மாற்றியின் உறுமல் கேட்டது. சற்றுப் பொறுத்து, கிண்ணத்தைச் சுரண்டாமல் ஓடும் அடிப்பானின் ஓசையும் கேட்டது.