தாயின் மௌனம்

ஊரை விட்டுச் சென்ற பிள்ளைக்கு வீட்டுத் துயரத்தை உடனே தெரிவிப்பதா, எடுத்த காரியம் முடியட்டும் என்று பொறுப்பதா? ஏழாயிரம்பண்ணையில் வாழும் எங்களுக்கு இக்கேள்வி புதிதன்று. வானம் பார்த்த கரிசல் பூமி இது. தீப்பெட்டியும் பட்டாசுமே எங்களுக்குப் பிழைப்பு. எங்கேனும் வெடியோசை கேட்டால் எங்கள் பெண்கள் முதலில் தேடுவது ஆலைக்குச் சென்றவரை. அடுத்து நினைப்பது, தொலைவில் படிக்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது என்பதை. ஆதலால், நீச்சல் வீரர் சஜன் பிரகாஷின் வரலாற்றை அறிந்தபோது, அவருடைய வெற்றிகளைக் காட்டிலும் அன்னையின் மௌனமே எங்கள் உள்ளத்தைத் தொட்டது.

சஜன் 1993-இல் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் பிறந்தவர். அன்னை வி. ஜே. சாந்திமோள் நம் நாட்டின் சார்பில் ஓடிய ஓட்ட வீராங்கனை. அவருக்கு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் வேலை. 1956-இல் தோன்றிய அந்நிறுவனத்தை நம்பிப் பல ஊராரும் நெய்வேலியில் குடியேறினர். மலைநாட்டிலிருந்து வந்த இக்குடும்பத்தின் மகனும் அந்நகரில் வளர்ந்தே நீச்சல் பயின்றார். எங்கள் சிறுவரும் நீந்துவர். மழையில் கிணறு நிறைந்தால் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு குதிப்பர். கிணற்று நீச்சல் உயிரைக் காக்கும். பந்தயத்துக்கோ அளந்து கட்டிய குளம் வேண்டும், ஆண்டு முழுதும் நீர் வேண்டும், விளையாட்டின் அருமையறிந்த பெற்றோரும் வேண்டும்.

சஜன் தேர்ந்துகொண்டது பட்டர்பிளை நீச்சல். இரு கைகளையும் ஒருசேர நீருக்கு மேலே வீசிச் செல்லும் கடினமான முறை அது. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் பங்கேற்றார். 2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த வேளையில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. இடுக்கியிலிருந்த உறவினரைப் பற்றித் தகவலே இல்லை. மகனின் மனம் கலங்கலாகாது என்று அன்னை அதை மறைத்தார். ஆயினும் போட்டிக்கு முன்னரே செய்தி மகனை எட்டிவிட்டது. அக்கலக்கத்தோடே அவர் நீரில் இறங்கினார். 200 மீட்டர் பட்டர்பிளை இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்று, 1 நிமிடம் 57.75 வினாடியில் ஐந்தாவதாக வந்தார். பதக்கம் இல்லை, ஆனால் அது புதிய தேசிய சாதனை. 1986-இல் சியோலில் கஜன் சிங் வெள்ளி வென்ற அதே பந்தயம் அது.

பின்னர் கழுத்தெலும்பின் வட்டு விலகி, கையைத் தூக்குவதே அரிதாயிற்று. அதனையும் கடந்து, 2021 ஜூனில் ரோம் நகரில் 1 நிமிடம் 56.38 வினாடியில் நீந்தினார். ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற வேண்டிய அளவு 1 நிமிடம் 56.48. ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கே இடைவெளி! அவ்வளவை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவரே. அவ்வாண்டே டோக்கியோவிலும் நீந்தினார்.

அன்னை மறைத்தது சரியா? எங்கள் வீடுகளில் இதைப் பேசினோம். ஒரு மனதாக முடிவு பிறக்கவில்லை. தாயின் நோக்கில் குற்றமில்லை என்றனர் மூத்தோர். தொலைவில் இருப்பதனாலேயே ஒருவர் குடும்பத்துக்கு அயலாராகி விடுவாரோ என்று கேட்டனர் இளையோர். ஒன்று மட்டும் எங்களுக்குத் தெளிவாயிற்று: துயரைத் தாங்கமாட்டார்கள் என்று நாம் எண்ணும் பிள்ளைகள், பலவேளைகளில் நம்மினும் உறுதியாகத் தாங்குகின்றனர்.