கண்டித் தபாலட்டைகளும் ஒரு பெயர்ப் பட்டியலும்

உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றோருக்கு நம் சமூகம் விதித்துள்ள கருமங்கள் மிகச் சிலவே. கோயிற் பரிபாலன சபையில் ஓர் ஆசனம், வீட்டு முற்றத்திலே நாலு வாழை, பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் சென்று மீளல் என்பன அவற்றுட் பிரதானமானவை. நமது கல்லூரியை விட்டு நீங்கிக் கண்டிக்கு உத்தியோகம் பார்க்க வந்து, வந்த ஊரிலேயே வேரூன்றிவிட்ட எனக்கு இம்மூன்றோடு நாலாவதாக ஒன்றும் வாய்த்தது. அதுதான் பழைய படத் தபாலட்டைகளுக்குப் பட்டியல் எழுதும் வேலை. ஜூபிலி மலருக்கு ஏதேனும் எழுதுக என மலர்க் குழுவினர் பணித்தபோது, பள்ளி நினைவுகளை என்னிலும் சுவைபட எழுத வல்லார் பலர் உளராதலின், இவ்வேலையைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

மறைந்த நண்பர் ஒருவரின் வீட்டார், தம் வீட்டை விற்க நேர்ந்தபோது, மூன்று பிஸ்கற்றுத் தகரங்களை என்னிடம் ஒப்படைத்தனர். நண்பர் தம் வாழ்நாள் முழுவதும் தேடிச் சேர்த்த அட்டைகள் நானூறுக்கு மேல் அவற்றுள் இருந்தன. கண்டி நகரும், பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கடுகண்ணாவை, கம்பளை, ஹந்தானை மலைச்சாரல் முதலிய சுற்றுப்புறங்களுமே அவற்றின் பொருள். விற்க வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம்; என்னென்ன உள்ளன என்று ஒழுங்காக எழுதி வைத்தாற் போதும் என்பதே அவர்கள் இட்ட நிபந்தனை. எளிய நிபந்தனை போலத் தோன்றும். எழுத உட்கார்ந்தவருக்கே அதன் கனம் தெரியும்.

தபாலட்டை என்னும் மலிவான சாதனம் 1869ஆம் ஆண்டு ஒஸ்திரியாவிலே பிறந்தது. அதன் ஒரு புறத்தே படம் அச்சிடும் வழக்கம் பரவியதும், கப்பலேறி வந்த பிரயாணிகளும் தோட்டத் துரைமாரும் அட்டை வாங்கி ஊருக்கு அனுப்பும் மோகம் இலங்கையையும் பற்றிக்கொண்டது. 1890ஆம் ஆண்டு கொழும்பிலே தொடங்கப்பெற்ற பிளாட்டே நிறுவனம் இத்துறையிற் பெரும்புகழ் ஈட்டியது. அதற்கு முன்னரே, 1870களில் சார்ல்ஸ் ஸ்கோவன் என்பார் கண்டியிலே நிழற்படக்கூடம் நடத்தி மலைநாட்டைத் திறம்படப் படம் பிடித்திருந்தார். படம் இங்கே எடுக்கப்பட்டதாயினும், அச்சும் வர்ணமும் பெரும்பாலும் ஜேர்மனியிலே இடப்பட்டன. கண்டி மண்ணையோ கண்டிப் பெண்டிரையோ கனவிலும் காணாத ஓர் அச்சுத் தொழிலாளி, கொழுந்து பறிப்பவளின் சேலைக்கு என்ன நிறம் என்று அங்கிருந்து தீர்மானித்தான். ஒரே படம் என்னிடம் இரண்டு அட்டைகளில் உண்டு. ஒன்றிலே அப்பெண்ணின் சேலை நீலம், மற்றதிலே சிவப்பு. 1914இல் மகா யுத்தம் மூண்டதும் ஜேர்மன் அச்சு நின்றது. 'ஜேர்மனியில் அச்சிடப்பட்டது' என்ற சிறு வரி முதுகில் இருப்பின், அவ்வட்டை யுத்தத்துக்கு முந்தியது என்று கொள்ளுதல் பெரும்பாலும் பொருந்தும்.

காலங் கணித்தலே இவ்வேலையில் மிக்க இன்பந் தரும் பகுதி. ஓர் அட்டைக்கு மூன்று காலங்கள் உண்டு: படம் எடுத்த காலம், அச்சிட்ட காலம், தபாலிலே சேர்த்த காலம். இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். பேராதனையிலே மகாவலி கங்கைக்குக் குறுக்கே 1830களில் முதிரை மரத்தினால் ஒற்றை வளைவாகக் கட்டப்பட்ட பாலம், ஏறக்குறைய 200 அடி நீளமுடையது. 1905ஆம் ஆண்டளவில் அது நீக்கப்பட்டு இரும்புப் பாலம் இடப்பட்டது. ஆயினும், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த முத்திரையோடு, அதாவது 1910க்குப் பின்னர், அந்த முதிரைப் பாலத்தின் படம் கடல் கடந்து சென்றிருக்கிறது. பாலம் இடிந்த பின்னும் வியாபாரி தன் கையிருப்பை விற்றுக்கொண்டேயிருந்தான்.

முதுகுப்புறத்தை நடுக்கோடிட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிற் செய்தியும் மறுபாதியில் விலாசமும் எழுத இங்கிலாந்துத் தபாற் பகுதியார் 1902இல் அனுமதித்தனர். அதற்கு முன் முதுகு முழுவதும் விலாசத்துக்கே உரியது. செய்தி எழுத விரும்பியவர் படத்தின் ஓரத்திலேதான் கிறுக்க வேண்டும். தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்துக்கு மேலே ஆகாயத்தில் ஆங்கில எழுத்துக்கள் மிதப்பதன் காரணம் இதுவே. நகர மணிக்கூட்டுக் கோபுரம் தெரிந்தால் அப்படம் 1950க்குப் பிந்தியது. பேராதனையில் சர்வகலாசாலைக் கட்டிடங்கள் தெரியாமல் வெறுஞ் சரிவும் செடியுமே தெரிந்தால், சர்வகலாசாலை அங்கு குடிபுகுந்த 1952க்கு முந்தியது என்று பெரும்பாலும் சொல்லலாம்.

எதைப் படம் எடுத்தார்கள் என்பதிலும் ஒரு பாடம் உண்டு. எதை எடுக்காது விட்டார்கள் என்பதிலே அதனினும் பெரியதோர் பாடம் உண்டு. கண்டி வாவி நூற்றுக்கு மேற்பட்ட அட்டைகளில் வருகிறது. கட்டுகஸ்தோட்டையிலே யானைகள் நீராடுவது அலுப்புத் தட்டும் அளவுக்கு வருகிறது. பேராதனைப் பூந்தோட்டத்துப் பனைமர வீதியைக் கண்டபோது, யாழ்ப்பாணத்தான் ஆதலின், அந்த ஓர் அட்டைக்கு மட்டும் நான் அரைநாள் செலவிட்டேன் என்பதை ஒளிப்பதற்கில்லை. ஆனால் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் ஓர் அட்டையிலேனும் இல்லை. தெல்தெனியாக் கடைத்தெருவும் இல்லை. விக்டோரியா அணையின் நீர் 1980களில் அந்தப் பழைய பட்டணத்தை விழுங்கிவிட்டது. இனி அதைப் படம் பிடிக்க எவராலும் இயலாது.

இனி, பட்டியலை நான் பல வாரம் நிறுத்தி வைக்க நேர்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஏறக்குறைய அறுபது அட்டைகளில் இருப்பவர் நம்மவர், தோட்டத்துத் தமிழர். கொழுந்து பறிக்கும் பெண்கள், நிறுவைக்குக் காத்து நிற்கும் வரிசை, குடையும் கோட்டுமாகக் கங்காணி, லயத்து வாசலிலே குழந்தைகள். அவற்றின் கீழே அச்சிட்டிருக்கும் தலைப்புக்கள் 'தமிழ்க் கூலிகள்', 'தமிழ்க் கூலிப் பெண்', 'கொழுந்து பறிப்போர், சிலோன்' என்றவாறே அமைந்தவை. ஊர் இல்லை, தோட்டத்தின் பெயர் இல்லை, ஆளின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

எனக்கு எழுத்துதவி செய்ய, பேராதனையிற் பயிலும் ஒரு பெண்பிள்ளை வார இறுதிகளில் வருவதுண்டு. கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாலாந் தலைமுறையாக வாழும் குடும்பம். பூந்தோட்ட அட்டைகளையும் தோட்டத்து அட்டைகளையும் அருகருகே பரப்பிவைத்து எழுதிக்கொண்டிருந்தவள் பேனையை வைத்துவிட்டாள்.

"ஐயா, மரத்துக்கெல்லாம் பேரு போட்டிருக்காங்க. தாளிப்பனைக்கு லத்தீன்லயே ஒரு பேரு இருக்கு. ஆளுக்குத்தான் போடலீங்க" என்றாள்.

அவள் விருப்பம், 'கூலி' என்ற சொல்லைப் பட்டியலில் எழுதாமல் 'தொழிலாளி' என்று மாற்றிவிட வேண்டும் என்பது. நான் இணங்கவில்லை. அட்டையில் உள்ளதை உள்ளவாறே எழுதுவது பட்டியல் எழுதுவோனின் முதற் கடமை. நாம் நாகரிகம் கருதி மாற்றினால், அச்சிட்டவர் நாகரிகமானவர் என்ற பொய்க்கு நாமே சாட்சி கூறியவர்களாவோம் என்றேன்.

"அப்ப இன்னொரு நூறு வருஷத்துக்கு அவங்க பேரு கூலிதானே? இந்தத் தடவை எழுதுறது வெள்ளக்காரன் இல்லீங்க ஐயா, நாங்க" என்றாள்.

இதற்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவள் வீட்டு வரலாறு ஒன்றை அன்று சொன்னாள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது நாம் அறிந்ததே. மறுவருடம் இயற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் ஏழு வருடமும் ஏனையோர் பத்து வருடமும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்ததை நிரூபித்து விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அவளது பூட்டனாரும் விண்ணப்பித்தார். தோட்டத்திலே பிறந்தவர், ஆயினும் காட்டுவதற்குக் கடதாசி இல்லை. விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. பின்னர் 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா – சாஸ்திரி உடன்படிக்கை, இந்தியாவுக்குப் போவோர் 525,000 பேர், இங்கே இருப்போர் 300,000 பேர், பின்னர் தீர்மானிக்கப்பட வேண்டியோர் 150,000 பேர் என்று சனங்களை எண்ணிப் பங்கிட்டது. குடும்பத்திற் பாதி நீலகிரிக்குப் போயிற்று. எஞ்சியோருட் சிலருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பிரசாவுரிமை கிட்டவில்லை.

யோசித்துப் பாருங்கள். இம்மக்கள் இலங்கையிலே இருந்ததற்குச் சாட்சியாக 'சிலோன்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட அட்டைகள் ஆயிரக்கணக்கில் உலகெங்கும் சென்றன. அச்சாட்சியம் அவர்களுள் ஒருவருக்கேனும் உதவவில்லை. பெயரும் இடமும் குறியாத சாட்சியம் எந்த அலுவலகத்திலே செல்லும்? பட்டியல் எழுதுவது ஓய்வுகாலப் பொழுதுபோக்கு என்று என் வீட்டார் எண்ணியிருந்தனர். இனி அதை அவ்வளவு இலேசாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பல நாள் வாதித்து நாங்கள் இருவரும் ஓர் ஒழுங்குக்கு வந்தோம். அச்சிட்ட தலைப்பை எழுத்துப் பிசகாது மேற்கோட் குறிக்குள் ஒரு பத்தியில் எழுதுவது. அதன் அருகே, படத்தில் உண்மையாக என்ன தெரிகிறதென்று எங்கள் சொல்லிலே மற்றொரு பத்தியில் எழுதுவது. அந்த இரண்டாம் பத்தியை அவளே எழுதுகிறாள். அதில் அவளுக்குள்ள அறிவு எனக்கில்லை. ஓர் அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் இது தோட்டத்தில் எடுத்ததன்று என்றாள். "கூடையை இப்பிடிக் கையில புடிச்சா ரெண்டு கையாலயும் எப்பிடிங்க பறிக்கிறது?" என்பது அவள் நியாயம். பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தால் பின்னாலுள்ள மலை திரைச்சீலையில் எழுதியது. படக்கூடத்திலே நிறுத்தி எடுத்தது என்று குறித்தோம். வேறொன்றிலே இடுப்பிற் கட்டிய படங்கையும் தோளிற் கிடந்த கம்பளியையும் கண்டு மழைக்காலம் என்றாள். தொலைவிலே தெரிந்த மலைத்தொடரின் வடிவம் கொண்டு அது ஹந்தானை என்று நான் குறித்தேன். அன்றே அந்த அட்டைக்கு ஓர் ஊர் கிடைத்துவிட்டது.

அடுக்கும் முறையையும் மாற்றினோம். சேகரிப்போர் வழக்கம், 'கட்டிடங்கள்', 'காட்சிகள்', 'சாதி வகைகள்' என்று பிரிப்பது. நாங்கள் இடத்தின் பெயரால் மாத்திரமே அடுக்குகிறோம். ஆகையால் ஹந்தானையிற் கொழுந்து பறித்தவள், துரையின் பங்களாவுக்கும் புகையிரதப் பாதைக்கும் பக்கத்திலே, ஹந்தானை வாசியாக இடம் பெறுகிறாள். லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதை உலகம் அறியும். அத்தோட்டத்தின் பெயரோடு ஓர் அட்டை கிடைக்குமாயின், அதிலுள்ளவர் அனைவரும் அப்பெயரின் கீழேயே வருவர். ரொடியாப் பெண்களை அரைகுறை ஆடையோடு நிறுத்தி எடுத்து விற்ற அட்டைகளும் ஒன்பது உள்ளன. அவற்றையும் பட்டியலிற் சேர்த்தோம். ஆனால் படியெடுத்து எவருக்கும் காட்டுவதில்லை என்று தீர்மானித்தோம். இதனைக் கோழைத்தனம் என்பாரும் உளர். இருக்கட்டும்.

முதுகுப்புறச் செய்திகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. சுகம், மழை, கப்பல் வந்த நாள், இவ்வளவே. படத்திலுள்ளவரைப் பற்றி எழுதியவர் அரியர். மூன்று அட்டைகளில் மாத்திரம் தமிழ்க் கையெழுத்து உண்டு. அவற்றுள் ஒன்று, கண்டிக்கு உத்தியோகத்துக்கு வந்த ஒருவர் வடமராட்சியிலுள்ள தாயாருக்கு எழுதியது. குளிர் பொறுக்க முடியவில்லை என்றும், வருவோர் கையிற் பனங்கட்டியும் நல்லெண்ணெயும் கொடுத்தனுப்புமாறும் கேட்டு, படத்திலுள்ள பாலத்தைத் தாம் நாள்தோறும் கடப்பதாகவும் சேர்த்திருக்கிறார். அந்தப் பாலம் கட்டுகஸ்தோட்டைப் பாலம்.

பட்டியல் இதுவரை முந்நூற்றுச் சொச்சம் அட்டைகள் வரை வந்துள்ளது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்ததைக் கண்ட தலைமுறையினன் நான். 1983 யூலையிலே குடும்பப் படங்களைத் தீக்கிரை கொடுத்த வீடுகளையும் அறிவேன். ஆதலின் பட்டியலுக்கு இரண்டு பிரதிகள் வைத்து, ஒன்றைக் கண்டியிலும் மற்றதை யாழ்ப்பாணத்திலும் இருத்தியுள்ளோம். அட்டைகளின் இருபுறமும் வருடிப் படியெடுக்கும் வேலையும் நடக்கிறது.

பழைய மாணவருள் எவரிடமேனும், மலைநாட்டிலே கடமையாற்றிய தந்தையார், பாட்டனார் அனுப்பிய படத் தபாலட்டைகள் பெட்டியடியிற் கிடக்கக்கூடும். அட்டையை அனுப்ப வேண்டுவதில்லை. இருபுறமும் தெளிவாகப் படம் எடுத்து மலர்க் குழுவினரிடம் சேர்ப்பித்தாற் போதும். படத்திலுள்ள இடம் எதுவென்று தெரிந்தால் அதையும், ஆள் யாரென்று தெரிந்தால் அவர் பெயரையும் எழுதி வையுங்கள்.